நாற்பது டாலர் டொமஹாக்: பெட்டியைப் பிரித்த மாலையில் தொடங்கும் வேலை

மிச்சிகன் மாநிலத்துக்குக் குடிவந்த இரண்டாவது கோடையில், பழைய பொருள் சந்தை ஒன்றில் பதினெட்டு டாலருக்கு ஒரு டொமஹாக், அதாவது சிறு தலையும் நீளக் காம்பும் கொண்ட கைக்கோடாலி, வாங்கினேன். கறுப்புத் தலை, பின்புறம் பருந்தின் மூக்கைப் போல ஒரு கூர், நைலான் காம்பு, இடுப்பில் மாட்டிக்கொள்ள உறை. பார்க்க மிரட்டலாக இருந்தது. அடுத்த வாரம் முகாமில் முதல் கட்டையின் மேல் போட்டேன். அது மரத்துக்குள் போகவில்லை, தெறித்துத் திரும்பியது. பின்புறக் கூர் என் நெற்றிக்கு நான்கு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது. பக்கத்துக் கூடாரத்துக் கிழவர் ஒன்றும் சொல்லாமல் தன் பழைய கைக்கோடாலியைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைய அடுப்பு அவர் தயவில்தான் எரிந்தது.

அதன் பிறகு இன்னும் மூன்று டொமஹாக் வாங்கியிருக்கிறேன். எல்லாமே மலிவானவை, இரண்டு இன்றும் உழைக்கின்றன. முகாமுக்குப் போகத் தொடங்கியிருப்பவர், கடைப் பக்கத்தில் ‘டாக்டிகல்’ (போர்க்களத்துக்கு ஏற்றது) என்ற சொல்லைப் பார்த்து மயங்கி, வாங்கும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்திருப்பவர் யாராவது இருந்தால், அவருக்காக இதை எழுதுகிறேன். மலிவு டொமஹாக் என்பது பாதி முடிந்த கருவி. மீதிப் பாதியை அரமும் மூன்று மணி நேரமும் வைத்து நாம்தான் முடிக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லை என்றால் வாங்கவே வேண்டாம்.

முதலில், இது என்ன பொருள்?

சொல் வர்ஜீனியாவின் பவ்ஹாட்டன் மக்கள் பேசிய அல்கோங்கியன் மொழியிலிருந்து வந்தது. 1612இல் அச்சான ஜான் ஸ்மித்தின் சொற்பட்டியலில் அதற்குக் கோடாலி என்றே பொருள் தரப்பட்டிருக்கிறது. அம்மக்கள் கல் தலை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஐரோப்பிய வணிகர்கள் விலங்குத் தோலுக்கு மாற்றாக இரும்புத் தலைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த இரும்புத் தலை வடிவம்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது. சிறிய தலை, குறுகிய வாய் (வெட்டும் ஓரம்), நீளமான நேர்க்காம்பு. சாதாரணக் கைக்கோடாலியைவிடத் தலை எடை குறைவு, காம்பு நீளம் அதிகம். எடையால் வெட்டுவது கோடாலி. வேகத்தால் வெட்டுவது டொமஹாக். இந்த ஒரு வித்தியாசம் மனத்தில் பதிந்துவிட்டால் பின்னால் சொல்லப்போகும் பாதி விஷயம் தானாகப் புரியும்.

‘டாக்டிகல்’ என்ற அடைமொழி மிகப் பிந்தியது. இரண்டாம் உலகப்போரில் வீரராக இருந்த பீட்டர் லகானா 1960களின் நடுவில் ஒரு வடிவத்தை உருவாக்கினார். முன்னால் வாய், பின்னால் கூர். வியட்நாமுக்குப் போன வீரர்கள் தம் சொந்தப் பணத்தில் அதை வாங்கினார்கள். ஏறத்தாழ 4,000 விற்றதாகக் கணக்கு. நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 2000ஐ ஒட்டி அதே வடிவம் மறுபடி உயிர்பெற்றது. இன்று கடைகளில் கிடைக்கும் கறுப்பு நைலான் காம்பு டொமஹாக்குகளில் பெரும்பாலானவை அந்த வடிவத்தின் பேரப்பிள்ளைகள். கதவை உடைக்கவும் தகரத்தைத் துளைக்கவும் வைத்த பின்புறக் கூருக்கு, கூடாரம் போட்டுச் சோறு பொங்கப் போகிறவரிடம் ஒரு வேலையும் இல்லை.

எதற்காக வாங்குகிறோம் என்று முடிவு செய்தல்

மூன்று காரணங்கள்தான் நியாயமானவை. முகாமில் சுள்ளி பிளக்க, கிளை கழிக்க, கூடார முளை அடிக்க ஒரு எடை குறைந்த கருவி வேண்டும் என்பது ஒன்று. பலகையில் எறிந்து பழகுவது இரண்டாவது. மூன்றாவது, சும்மா ஆசை. ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆசைக்காக வாங்குபவர் முதல் இரண்டுக்கும் பயன்படும் ஒன்றை வாங்கிவிட்டால் பிற்பாடு வருந்த வேண்டியதில்லை.

பெரிய கட்டை பிளப்பதுதான் நோக்கம் என்றால் டொமஹாக் உங்களுக்கானது அல்ல. அதன் தலை மெல்லியது; மரத்தை இரண்டாக விலக்கும் ஆப்பு வடிவம் அதில் இல்லை. குறுகிய வாய் ஆழமாக இறங்கும், இறங்கியபின் சிக்கிக்கொள்ளும். இரண்டரைப் பவுண்டு கோடாலி ஒரே போடில் செய்வதை இது பத்துப் போடில் செய்யும், அதுவும் முனகிக்கொண்டே.

காம்பைப் பார்த்து வாங்குங்கள், தலையைப் பார்த்து அல்ல

கடையில் எல்லோர் கண்ணும் தலை மேல்தான் விழும். ஆனால் மலிவுக் கருவியின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது காம்பு. நாற்பது டாலரைச் சுற்றியுள்ள விலையில் இரண்டு குலங்கள் இருக்கின்றன.

ஒன்று, நைலான் காம்பு. எஸ்ஓஜி நிறுவனத்தின் டாக்டிகல் டொமஹாக் இந்த வகையில் பிரபலமானது. மொத்த நீளம் 15.75 அங்குலம், எடை 24 அவுன்ஸ், வாய் 2.75 அங்குலம், தலை 420 வகைத் துருப்பிடிக்காத எஃகு. தலையும் காம்பும் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். மழையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்பது இந்த வகையின் நன்மை. கையில் பிடித்தால் கச்சிதமாக இருக்கும். ஆனால் போல்ட்டால் இணைத்த எந்தப் பொருளையும் தொடர்ந்து அடித்தால் ஒருநாள் ஆடத்தான் செய்யும். காம்பு உடைந்தால் காட்டில் வைத்துச் சரிசெய்ய வழியே கிடையாது.

மற்றது, ஹிக்கரி மரக் காம்பு. கோல்டு ஸ்டீல் நிறுவனத்தின் டிரெயில் ஹாக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 22 அங்குலக் காம்பு, 1055 என்ற கரி எஃகில் அடித்து உருவாக்கிய தலை, பின்புறம் கூருக்குப் பதிலாகச் சிறிய சுத்தி முகம். அந்த எண்ணின் கடைசி இரு இலக்கம் எஃகில் இருக்கும் கரியைக் காட்டுகிறது: சுமார் 0.55 விழுக்காடு. இது மிகக் கடினமான எஃகு அல்ல, ஆனால் அடி தாங்கும். கோடாலிக்கு அடி தாங்குவதுதான் முக்கியம். சவரக்கத்தியின் கடினம் இங்கே தேவையில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், மரக் காம்பை வாங்குங்கள். காரணம் ஏக்கம் அல்ல, பொறியியல். டொமஹாக்கின் காம்பு மேல்நோக்கிப் பருத்துக்கொண்டே போகும். தலையைக் கீழிருந்து நுழைத்து மேலே ஏற்றினால், பருத்த முனையில் இறுகி நிற்கும். ஊரில் குந்தாலிக்குக் காம்பு போடுவது இதே முறையில்தான். ஆப்பு அடித்து நிறுத்தும் நம் கோடாலியில் ஆப்பு தளர்ந்தால் தலை பறந்துபோய் யார் மண்டையிலாவது விழும். டொமஹாக்கில் அந்த அபாயம் இல்லை. வீசும்போது தலை மேல்நோக்கி இழுக்கப்பட்டு மேலும் இறுகும். காம்பு உடைந்தால் தட்டிக் கழற்றிவிட்டு, காட்டில் கிடைக்கும் நல்ல கிளையைச் செதுக்கிச் செருகிவிடலாம். மாற்றுக் காம்புகளும் மலிவாகவே கிடைக்கின்றன.

கடைக்கு நேரில் போகிறவர் காம்பின் அடிமுனையைப் பாருங்கள். மரத்தின் வரிகள் வாய் இருக்கும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் சீக்கிரம் முறியும். பக்கவாட்டில் பார்க்கும்போது, வரி காம்பின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போக வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் உடையும். முடிச்சு இருந்தால் வேண்டாம். இணையத்தில் வாங்குபவருக்கு இந்தத் தேர்வு இல்லை. வந்ததும் பார்த்து, மோசமாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். வெட்கப்படாதீர்கள்.

தவிர்க்க வேண்டியவை பற்றிச் சுருக்கமாக: பின்புறக் கூர் உள்ளது, எஃகின் பெயரையே சொல்லாமல் ‘உயர்தர எஃகு’ என்று மட்டும் போட்டிருப்பது, காம்புக்குள் திசைகாட்டியும் தீப்பெட்டியும் ஒளித்து வைத்திருப்பது. குழல் போலக் குடைந்த காம்பு முதல் வாரத்திலேயே நெளியும்.

பணக்கணக்கில் ஒன்றை மறக்க வேண்டாம். கருவிக்கு நாற்பது என்றால், பத்து அங்குல அரம், இரு பக்கச் சாணைக்கல், ஆளி விதை எண்ணெய் என்று இன்னொரு முப்பதாவது ஒதுக்குங்கள். அரம் வாங்கப் பணமில்லை என்றால் டொமஹாக் வாங்கவும் பணமில்லை என்று அர்த்தம்.

முதல் மாலை: தலையைக் கழற்றுங்கள்

பெட்டியைப் பிரித்ததும் வெளியே ஓடி மரத்தை வெட்டாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது வாய் மழுங்கலாக இருக்கும், காம்பு அரைகுறையாகப் பொருந்தியிருக்கும்.

மரக் காம்பு டொமஹாக் சிலவற்றில் தலையின் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். தலை நழுவாமலிருக்க வைத்தது. அது மரத்தைக் குத்திப் புண்ணாக்குவதைத் தவிர உருப்படியாக எதுவும் செய்வதில்லை. அந்தப் புண்ணில்தான் பிற்பாடு விரிசல் தொடங்கும். அறுகோணச் சாவியால் கழற்றி எறிந்துவிடுங்கள்.

இப்போது தலை மேலே இருக்கும்படி காம்பைச் செங்குத்தாகப் பிடித்து, அடிமுனையை ஒரு கட்டையின் மேல் ஓங்கித் தட்டுங்கள். காம்பு நின்றுவிடும், தலை கீழே நழுவும். இரண்டு மூன்று தட்டலில் கையோடு வந்துவிடும். உள்ளே காம்புத் துளையைப் பாருங்கள். பெயின்ட் திரண்டு போயிருக்கும், ஓரங்களில் பிசிறு இருக்கும். உருளை அரத்தால் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்ததுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வேலை. துளையின் உட்புறத்தில் மெழுகுவர்த்திக் கரியைப் பிடித்துப் பூசுங்கள், அல்லது பென்சிலால் கறுப்பாகத் தேயுங்கள். தலையைக் காம்பின் கீழிருந்து நுழைத்து மேலே ஏற்றி ஒருமுறை இறுக்கிவிட்டு, மறுபடி கழற்றுங்கள். மரத்தில் எங்கெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கு மட்டும்தான் இரும்பு மரத்தைத் தொடுகிறது. புதிய டொமஹாக்கில் இரண்டு மூன்று புள்ளிகளில்தான் ஒட்டியிருக்கும். மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. அந்தக் கறுத்த மேடுகளை மட்டும் மர அரத்தால் லேசாக இழைத்து, மறுபடி கரி, மறுபடி செருகல். ஆறேழு முறை செய்தால் கறுப்பு சுற்றிலும் பரவலாக ஒட்டத் தொடங்கும். அவசரப்பட்டு அதிகம் இழைத்துவிட்டால் தலை காம்பின் உச்சியையும் தாண்டி மேலே போய்விடும். அப்புறம் புதுக் காம்புதான். நான் ஒன்றை அப்படிக் கெடுத்திருக்கிறேன். அது இப்போது தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறது.

பொருந்தியதும் இறுக்குவது எப்படி? இங்கே பலர் திசையைக் குழப்பிக்கொள்வார்கள். டொமஹாக்கைத் தலைகீழாகப் பிடியுங்கள். தலைக்கு மேலே அரை அங்குலமாவது துருத்திக்கொண்டிருக்கும் காம்பின் உச்சியை ஒரு கட்டையில் தட்டுங்கள். மரம் நின்றுவிடும், இரும்பு தன் வேகத்தில் உச்சியை நோக்கி நகர்ந்து இறுகும். அடிமுனையைத் தட்டினால் கழலும், உச்சியைத் தட்டினால் இறுகும். காட்டில் தலை ஆடினால் இது ஒன்று நினைவிருந்தால் போதும்.

காம்பில் பளபளப்பான வார்னிஷ் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். வியர்த்த கையில் அது வழுக்கும், கொப்புளமும் போடும். பிறகு கொதித்த ஆளி விதை எண்ணெயை மெல்லிதாகப் பூசி, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் உலரும்போது சூடு உண்டாகிறது; சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்டு, விறைத்தபின் எறியுங்கள்.

நைலான் காம்பு வாங்கியவர்களுக்கு இந்த வேலை மிச்சம். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் நீலநிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு மறுபடி முடுக்குங்கள். சிவப்பு நிறப் பசை வேண்டாம். அது சூடு காட்டாமல் கழலாது. ஒவ்வொரு முகாமுக்கு முன்பும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

வாய் எடுத்தல்

மேசை ஓரத்தில் தலையை இடுக்கி போட்டு இறுக்குங்கள். கையில் தடித்த தோல் உறை. அரத்துக்குப் பிடி போட்டிருக்க வேண்டும். பிடியில்லாத அரத்தின் வால் உள்ளங்கையைத் துளைக்கும்.

எத்தனை பாகை என்று கேட்பார்கள். ஒரு தாளின் மூலையை எடுத்துப் பாதியாக மடியுங்கள், 45 பாகை. இன்னொரு முறை மடியுங்கள், 22.5 பாகை. பக்கத்துக்கு அவ்வளவு போதும். அதைவிடக் கூராக எடுத்தால் இந்த விலை எஃகு முதல் முடிச்சிலேயே மடங்கிவிடும்.

வாயின் சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்படியுங்கள். அரத்தை ஒரே திசையில் தள்ளுங்கள்; திரும்பும்போது தூக்கிவிட வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் அரத்தின் பல் போய்விடும். வாயிலிருந்து தலையின் உடல் பக்கமாகத் தள்ளுங்கள்; கை வழுக்கினால் கூரில் படும், தோல் உறை அதற்குத்தான். சில தள்ளலுக்குப் பிறகு பாருங்கள். மை அழிந்த இடம்தான் அரம் பட்ட இடம். மேலே மட்டும் அழிந்திருந்தால் சாய்வைக் கூட்டுங்கள், நுனியில் மட்டும் அழிந்திருந்தால் குறையுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்க நுனியில் விரல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் சன்னமாகப் பிசிறு தட்டுப்படும். வாய் முழுக்க அந்தப் பிசிறு தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மறுபக்கம். கடைசியில் சாணைக்கல்லை வட்டமாகச் சுழற்றி இரு பக்கமும் மாறி மாறித் தேய்த்துப் பிசிறை எடுத்துவிடுங்கள்.

அரம் எஃகைக் கடிக்கிறதா, வழுக்குகிறதா என்று இந்த வேலையின்போதே கவனியுங்கள். மெழுகைச் சீவுவது போலக் கடித்தால் தோய்ச்சல் (சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) சரியாக இல்லாத மென்னிரும்பு. கண்ணாடி மேல் போல முழுக்க வழுக்கினால் அளவுக்கு மிஞ்சிய கடினம், சில்லுத் தெறிக்கும். முனகிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தால் நல்ல பதம். சந்தையில் வாங்கிய என் முதல் டொமஹாக் முதல் வகை. அரம் அதில் வெண்ணெயில் போவது போலப் போனது.

மின்சாரச் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடியுமே என்று தோன்றும். வேண்டாம். நுனியில் நீலநிறம் தெரிந்தது என்றால் சூட்டில் பதம் போய்விட்டது என்று பொருள். அந்த இடம் இனி கூரைத் தாங்காது.

நாளிதழ்த் தாளைச் சிக்காமல் வெட்டினால் போதும். முழங்கை மயிரைச் சிரைத்துக் காட்டும் கூர், வேடிக்கை காட்டத்தான்.

வெட்டப் பழகுதல்

செருப்புக் காலோடு டொமஹாக்கைத் தொடாதீர்கள். நம் ஆட்கள் முகாமில் ரப்பர் செருப்போடு அலைவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். மூடிய காலணி, இயன்றால் தோல் காலணி. அடுத்தது, கருவியைக் கையில் பிடித்துக் கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. தலைக்கு மேல் கிளையோ துணிக்கொடியோ இருக்கக் கூடாது. சாரணர்கள் இதை ரத்த வட்டம் என்பார்கள். பெயரே போதும், குழந்தைகளுக்கு ஒருமுறை சொன்னால் மறக்க மாட்டார்கள்.

குட்டைக் காம்புக் கருவியின் அபாயம் புதியவருக்குத் தெரியாது. நீளக் கோடாலி தவறினால் தரையில் விழும். 16 அங்குலக் கருவி தவறினால் வட்டம் உங்கள் முழங்காலிலோ கணுக்காலிலோ போய் முடியும். எனவே சுள்ளி பிளக்கும்போது மண்டியிடுங்கள். முன்னால் ஒரு அடிக்கட்டை வைத்துக்கொண்டு அதன் மேல் மட்டும் வெட்டுங்கள். தவறினாலும் வாய் கட்டையிலோ மண்ணிலோதான் இறங்கும்.

சுள்ளியை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் போடுவதுதான் விரல் போகும் வழி. பதிலாக, வாயைச் சுள்ளியின் மேல்முனையில் பதித்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, இரண்டையும் ஒன்றாகவே அடிக்கட்டையில் தட்டுங்கள். வாய் உள்ளே இறங்கும். பிளக்காமல் நின்றால் மறுபடி சேர்த்துத் தட்டுங்கள். இறங்கியபின் காம்பை லேசாகத் திருகினால் விரிந்துகொடுக்கும். ஓங்கும் வேலையே இதில் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கலாம்.

கொஞ்சம் தடித்த துண்டு என்றால் வாயை அதன் மேல் வைத்து, பின்புறத்தை ஒரு மரக்கட்டையால் அடியுங்கள். இரும்புச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. பின்முகம் பிதுங்கும், சில்லு தெறித்துக் கண்ணில் படும். சுத்தி முகம் உள்ள டொமஹாக்கும் கூடார முளைக்குத்தான், பாறையை அடிக்க அல்ல.

விழுந்த மரத்தில் கிளை கழிப்பதானால், கிளை ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம். அடிமரம் உங்களுக்கும் வாய்க்கும் நடுவில் வேலியாக இருக்க வேண்டும். கிளை வளர்ந்த திசையிலேயே, அடியிலிருந்து நுனி நோக்கி வெட்டுங்கள். கவட்டுக்குள் வெட்டினால் சிக்கும். குறுக்கே வெட்டித் துண்டாக்க, ஒரே இடத்தில் நேராகக் கொத்தாமல் வலமிருந்து ஒன்று, இடமிருந்து ஒன்று என்று சாய்த்துப் போட்டு, கட்டையின் தடிமன் அளவுக்கு அகலமாக வெட்டுப்பள்ளம் திறக்க வேண்டும்.

மணிக்கட்டைவிடத் தடித்த எதையும் நான் டொமஹாக்கால் வெட்டுவதில்லை. பையில் பாஹ்கோ லாப்லாண்டர் மடக்கு ரம்பம் ஒன்று எப்போதும் இருக்கும். ரம்பம் அறுக்கும், டொமஹாக் பிளக்கும். இரண்டும் சேர்ந்தாலும் எடை ஒரு இரண்டரைப் பவுண்டு கோடாலியைவிடக் குறைவு.

குளிர்கால முகாமுக்குப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. உறைந்த மரம் கல்லைப் போன்றது, உறைந்த எஃகு நொறுங்கும் குணம் கொண்டது. வெட்டும் முன் தலையைக் கோட்டுக்குள் சிறிது நேரம், உறையோடுதான், வைத்திருங்கள். நெருப்பில் காட்டிச் சூடாக்காதீர்கள், பதம் போய்விடும்.

முதலுதவிப் பெட்டியில் ஒட்டுப் பிளாஸ்திரி மட்டும் இருந்தால் போதாது. அழுத்திக் கட்டும் துணிக்கட்டும் ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டையும் இருக்கட்டும், கட்டத் தெரிந்திருக்கட்டும்.

எறிவது

எறிவதற்கு மரக் காம்பு மட்டுமே. இலக்கு, மென்மரத்தின் குறுக்குவெட்டு வட்டத் துண்டு. வரிமுனை உங்களைப் பார்த்திருக்க வேண்டும். உயிருள்ள மரத்தில் எறியாதீர்கள். இலக்கிலிருந்து சுமார் 12 அடி தள்ளி நின்று, மணிக்கட்டை மடக்காமல், பந்தை விடுவது போல விட்டால் ஒரு முழுச்சுற்றில் வாய் பதியும். காம்பின் அடிமுனை முதலில் மோதினால் சுற்று போதவில்லை. அரையடி பின்னால் போங்கள். தலையின் உச்சி முதலில் மோதினால் சுற்று அதிகம். அரையடி முன்னால் வாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய முயன்றால் ஒருநாளும் பதியாது. டொமஹாக் திரும்பிப் பாய்ந்து வரும் என்பதால் பார்ப்பவர்கள் எறிபவருக்கும் பின்னால் நல்ல தூரத்தில் நிற்க வேண்டும். காம்பு உடையும். உடைந்தால் வருந்தாதீர்கள், மூன்று காம்புகளைச் சேர்த்தே வாங்கி வையுங்கள்.

பராமரிப்பும் சட்டமும்

கரி எஃகு ஓர் இரவுப் பனியிலேயே துருப்பிடிக்கும். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்குப் பிடிக்கும், கனிம எண்ணெய் நல்லது. நீண்ட நாள் வைக்கும்போது உறைக்குள் வைக்காதீர்கள். உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காம்பு வறண்டு சுருங்கித் தலை கையை நோக்கி நழுவும். உச்சியைத் தட்டி இறுக்குங்கள், எண்ணெய் பூசுங்கள். தண்ணீரில் ஊறவைத்து இறுக்கும் பழைய உபாயம் இரண்டு நாளுக்குத்தான். காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும்.

பூங்காவில் எதை வெட்டலாம் என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நிற்கும் மரத்தை, அது பட்ட மரமாகவே இருந்தாலும், பெரும்பாலான இடங்களில் தொடக் கூடாது. விழுந்த விறகைப் பொறுக்குவதையே பல பூங்காக்கள் தடுக்கின்றன. வீட்டிலிருந்து விறகு கொண்டுபோவதும் கூடாது. ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகதப் பச்சை வண்டு 2002இல் எங்கள் மிச்சிகனில்தான், டெட்ராய்ட் பக்கம், முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. விறகோடு பயணம் செய்தே அது பல மாநிலங்களுக்குப் பரவியது. முகாம் வாசலில் விற்கும் கட்டை வாங்கி, அதைச் சுள்ளியாகப் பிளப்பதுதான் நடைமுறையில் உங்கள் டொமஹாக்கின் முக்கால்வாசி வேலை.

இடுப்பில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடக்காதீர்கள். எதை எப்படி எடுத்துச் செல்லலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். காரில் டிக்கிக்குள், உறையோடு, முகாம் சாமான்களோடு இருந்தால் கேள்வி எழுவது குறைவு. விமானத்தில் கைப்பையில் அனுமதி கிடையாது. சரக்குப் பெட்டியில், வாய் மூடி, சுற்றிக் கட்டி வைக்கலாம்.

ஊருக்குப் போகும்போது மாமாவுக்கு ஒன்று வாங்கிப் போகலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் போர்க்கோடாலியும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளும் இடம்பெறுகின்றன. வீட்டு, விவசாய உபயோகத்துக்கானவற்றுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் உறையில் ‘டாக்டிகல்’ என்று பொறித்திருப்பதை விவசாயக் கருவி என்று நள்ளிரவில் சென்னைச் சுங்க அதிகாரிக்கு விளக்கும் வேலையை யார் செய்வது? தவிர, லாரி வில்பட்டையில் அடித்த கைக்கோடாலியை அந்த மாமாவின் ஊர்க் கொல்லரே இதைவிட நன்றாகச் செய்து கொடுப்பார். மாமாவுக்கு ஒரு நல்ல அரம் வாங்கிப் போகச் சொன்னேன்.